எதிர்க்கரையில் விழுந்த மம்பட்டி

ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. வரப்பில் நண்டு வளை, வாய்க்காலில் எலி வளை, தொட்டியில் கசிவு, எதைக் கண்டாலும் மூளைக்குச் சேதி போவதற்குள் கை மண்ணை அள்ளிவிடும். சொட்டுநீர்க் குழாய் போட்ட முதல் வாரம், சொட்டுவதற்காகவே போட்ட குழாய் என்று தெரிந்தும், இரண்டு இடத்தில் துணி சுற்றிக் கட்டியவன் நான். "ஏங்க, அது சொட்டணும்" என்று என் மனைவி வந்து அவிழ்த்துவிட்டாள். அவிழ்த்த துணி அவளுடைய நல்ல துண்டு என்பதால் அன்றைக்கு எனக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத வெறும் சோறுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் தரப்பு நியாயத்துக்காக. நியாயம் இதோடு முடிகிறது. இனிமேல் வருவதெல்லாம் என் தப்பு.

எங்கள் தோட்டம் அகரம் பக்கம், ஒரு ஓடையின் மேற்குக் கரையில் இருக்கிறது. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் சம்பங்கி. ஓடை ஒரு பாறைக் கரட்டின் அடிவாரத்தில் தொடங்கி, எங்கள் தோட்டங்களுக்கு நடுவே வந்து, ஊர்க் குளத்தில் விழும். குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து குடகனாற்றுக்குப் போகும். வருஷத்தில் பத்து மாதம் அதை ஓடை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஐப்பசியில் கரட்டில் ஒரு நல்ல மழை பிடித்தால் மட்டும், விழுந்த தண்ணீர் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். சில வருஷத்துக்கு முன்னால் அப்படி இறங்கி, குளத்தைத் தாண்டி, குளத்துக்குக் கீழே இருக்கிற தெருவுக்குள் இடுப்பளவு நின்றது. அடுப்பு, ரேசன் அரிசி, பிள்ளைகளின் புத்தகம், ஒன்றும் மிச்சமில்லை.

அதற்கப்புறம்தான் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பொறியாளர் ஸ்கூட்டரில் வர ஆரம்பித்தார். பாசன வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கரையை உயர்த்தித் தரப்போகிறார், சிமெண்டில் தடுப்பணை கட்டித் தரப்போகிறார் என்று நாங்கள் காத்திருந்தால், அவர் பந்தியைப் பற்றிப் பேசினார்.

"கல்யாண வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல சாப்பிட வந்தா என்ன ஆகும்? அடிதடி. அதுக்குத்தானே மொதப் பந்தி, ரெண்டாம் பந்தின்னு வைக்கிறோம். தண்ணிக்கும் அதேதான். நாம நிறுத்தவும் வேணாம், விரட்டவும் வேணாம். ஒவ்வொரு பங்கும் செத்த நேரம் பிந்திப் போனாப் போதும். தெரு தப்பிச்சிரும்."

அதற்காக மேலே கரட்டடியில் ஆடு மேய்வதை ஒரு பகுதியில் நிறுத்திப் புதரை வளரவிட்டார்கள். இடையில் கிடந்த தரிசு ஒன்றில், வெள்ளம் வந்தால் பரவி நிற்கட்டும் என்று ஓடையின் கரையைத் தாழ்த்திவிட்டார்கள். கரைகளில் வெட்டிவேர் நட்டார்கள். ஓடைக்குள் ஆறு இடத்தில், வெட்டிப்போட்ட சீமைக்கருவேல மரங்களைக் குறுக்கே அடுக்கி, இரண்டு கரையிலும் முனைகளைப் புதைத்துத் தடுப்பு வைத்தார்கள். அடியில் ஒரு முழம் இடைவெளி. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் சந்து. சாதாரணத் தண்ணீர் அது பாட்டுக்குப் போகும். வெள்ளம் வந்தால் தட்டுத் தடுமாறிப் போகும். அதுதான் யோசனை.

முதலில் இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. ஓடைக்குள் மரத்தைப் போட்டால் வெள்ளம் தோட்டத்துக்குள் வந்துவிடும் என்று எல்லோரும் பின்வாங்கினோம். எனக்கு எதிர்க்கரையில், கிழக்குப் பக்கம் வெங்காயம் போடுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், கணவர் திருப்பூரில் வேலை பார்க்க, தோட்டம் முழுக்க இவர் பொறுப்பு. மாதா கோயில் ஞாயிறு பூசையைத் தவிர வேறெதற்கும் தோட்டத்தைவிட்டுப் போகாதவர். அவர்தான் எழுந்து சொன்னார்: "என் கரையில மொதல்ல வைங்க சார். எங்க அக்கா வீடு அந்தத் தெருவுலதான் இருக்கு."

ஒரு பொம்பளை அப்படிச் சொன்ன பிறகு நாங்கள் மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தோம். ஆளுக்கு ஒரு தடுப்பு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிரித்தார் பொறியாளர். நாலாவது தடுப்பு என் கரையிலிருந்து அந்தம்மா கரைக்குப் போகிறது. கவனிப்பு என்னுடையது. "குப்பை சேர்ந்தா மேல உள்ளத எடுத்துப் போடுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்றார். மற்றவர்களிடம் ஒரு தடவை சொன்னதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவர்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு சின்ன மழை. தடுப்பைப் பார்க்கப் போனேன். தண்ணீர் அடியில் போகிறது, நடுவில் போகிறது, சந்துக்குச் சந்து போகிறது. சல்லடை மாதிரி இருந்தது. எனக்கு உடம்பே கூசியது. அந்த நேரம் பார்த்து எங்களுக்கு மாமா முறையாகிற, முன்னாள் வார்டு மெம்பர், கரை மேல் டிவிஎஸ்ஸை நிறுத்தினார். இந்தத் திட்டத்தை ஆரம்பத்திலிருந்தே நக்கல் அடிக்கிறவர்.

"என்ன மாப்ள, ஒன் அணைக்கட்டு ஒழுகுது?"

"அது ஒழுகணும் மாமா."

"ஒழுகுறதுக்கு எதுக்குடா அணை? கட்டாமயே விட்டிருந்தா இன்னும் நல்லா ஒழுகியிருக்குமே!"

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். ஊரில் நக்கலுக்கு மொத்தக் குத்தகைக்காரன் நான். அடுத்தவன் என்னை நக்கல் பண்ணினால் எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் ஆள் வைக்காமல் நானே மாட்டுத் தீவனச் சாக்குகளில் களிமண்ணை நிரப்பி, அடி இடைவெளியில் வரிசையாகத் திணித்தேன். கட்டைச் சந்துகளில் தென்னை மட்டையை வெட்டிச் சொருகி, மேலே சேறு பூசினேன். மூன்று நாள் வேலை. முடித்துவிட்டுப் பார்த்தால், பூசிய சுவர் மாதிரி அவ்வளவு அழகு. அடுத்த முறை பொறியாளர் வரும்போது காட்டி அசத்த வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆறு தடுப்பில் ஒழுகாத ஒரே தடுப்பு என்னுடையது என்று மனதுக்குள் ஒரு பாராட்டு விழாவே நடத்தி, எனக்கு நானே துண்டு போர்த்திக்கொண்டேன்.

ஐப்பசி இரண்டாம் வாரம் அந்த மழை வந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது பிடித்தது, நாலு மணிக்கும் விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் பயந்து போகவில்லை, ரசிக்கத்தான் போனேன். தடுப்புக்கு மேற்பக்கம் தண்ணீர் கரையளவு நின்றது. கீழ்ப்பக்கம் ஓடை வெறுமையாகக் கிடந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. "பாத்தியா மாமா" என்று நான் மழைக்குள் சத்தமாகச் சொன்னேன். மாமா அங்கே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பீடி பற்ற வைக்கப் பார்த்தேன். இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது குச்சியை உரசும்போது என் செருப்புக்குள் தண்ணீர் இருந்தது. குனிந்து பார்த்தேன். கரை மட்டத்துக்கு ஏறிவிட்டது. என் சம்பங்கி வரிசைக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் மேடு.

அதற்கப்புறம் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் வரிசையே கிடையாது. முதலில் குடையை மடக்கினேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு போனை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் எடுத்தார். நான் "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு, அவர் "நல்லா இருக்கேன், அங்க மழையா?" என்று கேட்க, "லேசா சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு மோட்டார் ரூமுக்கு ஓடி மம்பட்டியை எடுத்தேன். திரும்பி ஓடி வந்து, மம்பட்டி வேண்டாம் கடப்பாரைதான் வேண்டும் என்று மறுபடி ஓடி, கடப்பாரை இல்லாமல் அதே மம்பட்டியோடு வந்தேன். நாற்பத்தெட்டு வயதில், இரண்டு சுற்று ஓடிய பிறகு, மூச்சு சம்பங்கி வரிசையில் பாதியிலேயே நின்றுவிட்டது. நான் மட்டும்தான் கரைக்கு வந்து சேர்ந்தேன்.

இதுவரை நீங்கள் சிரிக்கலாம். நானும் இதைப் பல பேரிடம் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீரை விட வேண்டும். மேல் சந்துகளில் சொருகிய மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டிருந்தால் மெதுவாக இறங்கியிருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல ஆசைதான். தோன்றியது. தடுப்பில் இறங்கிக் கையை விட்டு இழுக்கப் பயம். அப்புறம் இருப்பது கரைதான். மேற்குக் கரையை வெட்டினால் என் சம்பங்கி. கிழக்குக் கரையை வெட்டினால் அந்தம்மா தோட்டம். உழுது போட்ட வெறும் நிலம்தானே என்று சொல்லிக்கொண்டேன். நிலத்துக்கு அந்தக் கோடியில் வெங்காயப் பட்டறை இருந்தது. எனக்குத் தெரியும். வாரம் ஒரு தடவையாவது அதைப் பார்த்துக்கொண்டு நின்று பேசியிருக்கிறேன். தடுப்புக் கட்டை மேல் தவழ்ந்து, ஒரு கையில் மம்பட்டியோடு, நாலு காலில் எதிர்க்கரைக்குப் போனேன். மட்டையை இழுக்க இறங்கப் பயந்தவன், அதே கட்டை மேல் தவழ்ந்து போனேன். கிழக்குக் கரையில் எட்டு வெட்டு. ஒன்பதாவதுக்கு வேலையில்லை. தண்ணீரே மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

திரும்பி அதே கட்டை மேல் தவழ்ந்து வந்து, என் கரையில் உட்கார்ந்தேன். என் சம்பங்கி ஒரு பூ நனையாமல் நின்றது. அதாவது மழையில் நனைந்தது, வெள்ளத்தில் நனையவில்லை.

மறுநாள் காலையில் போனேன். போனதற்குக் காரணம் சாக்கு. விடிந்தும் விடியாமல் ஓடையில் இறங்கி, வடிந்துவிட்ட தண்ணீரில் நின்று, சாக்குகளையும் சந்தில் சொருகிய மட்டைகளையும் ஒவ்வொன்றாக உருவினேன். இரண்டு சாக்கு மட்டும் கட்டைக்கு அடியில் இறுகி, என்ன இழுத்தும் வரவில்லை. அதன் மேல் மட்டையை இழுத்துப் போட்டு மறைத்தேன். கரையேறி எதிர்ப்பக்கம் போனால், ஆட்கள் கூடிவிட்டார்கள்.

சின்ன வெங்காயத்தைத் தரையில் கொட்டி வைக்க முடியாது. கல் அடுக்கி, அதன் மேல் மூங்கில் படல் போட்டு, காற்றுப் போக ஓலையால் மறைத்து வைப்போம். அதுதான் பட்டறை. தண்ணீர் வந்த வேகத்தில் கல் சரிந்து, பட்டறை குப்புற விழுந்து கிடந்தது. வெங்காயம் சேற்றில் விரவிக் கிடந்தது. விற்கிற வெங்காயம் இல்லை அது. இன்னும் பத்து நாளில் நட வேண்டிய விதைக்காய். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, ஒவ்வொரு அறுவடையிலும் கெட்டியான காயாக, ஒரே அளவாக, கழுத்து மெலிந்த காயாகக் கையால் பொறுக்கி வைத்து, அதை நட்டு, அதில் மறுபடி பொறுக்கி வைப்பார். அவர் காய் பட்டறையில் அழுகாது என்று ரெட்டியார்சத்திரம் வரைக்கும் பேச்சு. சேற்றுத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறிய காய் எதற்கும் ஆகாது. அவரும் அதைத் தெரிந்துதான் ஒரு கூடையை வைத்துக்கொண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நானும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது? ஒரு மணி நேரம் பொறுக்கினேன். பட்டறைக் கல்லைத் தூக்கி நிறுத்தினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரன்னா இவன மாதிரி இருக்கணும்" என்றார் மாமா. "விடியறதுக்குள்ள ஓடி வந்துட்டான் பாரு."

அந்தம்மா டீ போட்டுக் கொண்டுவந்து எனக்கு முதலில் கொடுத்தார். "குடிங்கண்ணே. கையெல்லாம் சேறா இருக்கு." அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். டீயைக் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. அது இன்னும் கேவலம்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முடிவுக்கு வந்துவிட்டது. தடுப்பு வைத்ததால்தான் தண்ணீர் தேங்கிக் கரையை உடைத்தது. பொறியாளர் வந்து பார்த்தார். மற்ற ஐந்து தடுப்பும் அசையவில்லை, இது மட்டும் ஏன் இப்படி ஆனது என்று தலையைச் சொறிந்தார். யாரும் அவர் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டி வாசலில் கூட்டம், திங்கட்கிழமை ஜேசிபி கொண்டுவந்து ஆறு தடுப்பையும் பிடுங்குவது, தரிசுக்கு இறக்கிவிட்ட கரையையும் மூடுவது என்று மாமா சொல்லிவிட்டார். தடுப்புகளைப் பிடுங்கினால் அடுத்த மழை மறுபடி ஒரே மூச்சில் அந்தத் தெருவுக்குள் போகும். அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. கடைத்தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்: "மொதல்ல என் கரையில வைங்கன்னு கையத் தூக்குனதும் அந்தம்மாதானே? இப்ப மொத அடியும் அதுக்குத்தான்."

நாலு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி பயந்துவிட்டாள். "என்ன, பல்லு வலியா? இப்படி ஒரு நாளாவது பேசாம இருங்கன்னு நேர்ந்துக்கிட்டேன்தான், அதுக்காக நாலு நாளா?" என்றாள். அதற்குள் நான் கொல்லையில் சாக்கு துவைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்துவிட்டாள். "யாராச்சும் தீவனச் சாக்க சோப்புப் போட்டுத் துவைப்பாங்களா?" மறு உபயோகம் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அந்தம்மா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு. வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, "எம்மா, ஒங்க வெங்காயம் போனதுக்குக் காரணம் நான்தான்" என்றேன்.

அவர் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறியது. பிறகு சிரித்துவிட்டார். அந்த நாலு நாளில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"பாவசங்கீர்த்தனமாண்ணே? அதுக்கு எங்க சாமியார்கிட்டல்ல போகணும். நீங்க திருநீறு பூசிக்கிட்டு வந்து எங்கிட்டச் சொல்றீங்க."

"இல்லம்மா, நெசமாத்தான்..."

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. புரியுது. ஊரே என்னையச் சொல்லுதுல்ல, அதான் பழியத் தூக்கித் தலையில வச்சுக்குறீங்க. இருங்க, காப்பி போடுறேன்."

அன்றைக்கு டீ, இன்றைக்குக் காப்பி. நான் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு ஓடிவந்தேன். இருபத்தைந்து வருஷமாக நக்கலுக்கே பழகிய வாய், ஒரு நாள் உண்மையைச் சொல்ல எடுத்தால் அதிலிருந்து ஜோக்தான் விழுகிறது. அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை நின்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பாததில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இருபது முப்பது பேர். அந்தம்மா பூசை முடித்து, அதே சேலையோடு வந்து கடைசியில் நின்றார். பொறியாளர் ஒரு மணி நேரம் பேசினார். யாரும் கேட்கவில்லை. "எல்லாம் சரி சார், புடுங்கிருவோம்" என்று மாமா முடிக்கப் போகும்போது நான் எழுந்தேன்.

"மாமா, தடுப்பு மேல தப்பில்ல. நான் அந்த ஓட்டையெல்லாம் அடைச்சேன். மண்ணு மூட்ட போட்டு அடைச்சேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்தது.

"ஏலே, ஒக்காருடா. விட்டா மழையும் நான்தான் பேஞ்சேன்னு சொல்லுவான்" என்றார் மாமா.

"சொட்டுநீர்க் குழாய்க்கே கட்டுப் போட்டவரு, செஞ்சாலும் செய்வாரு" என்றார் ஒருவர். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்தும் ஒருவர், "நடிப்பப் பாரேன்" என்றார். கடைசியில், "சரி, எல்லாரும் எந்திரிச்சு வாங்க, காட்டுறேன்" என்று நடக்க ஆரம்பித்தேன். வேடிக்கை என்று நினைத்து மொத்தப் பேரும் பின்னால் வந்தார்கள்.

முதலில் மேலே உள்ள மூன்றாவது தடுப்புக்குக் கூட்டிப்போனேன். அதே மழை, அதே தண்ணீர். கட்டைக்கு மேற்பக்கம் வண்டல் படிந்திருந்தது, கேரி பை, தேங்காய் மட்டை எல்லாம் சிக்கியிருந்தது. கரை அப்படியே இருந்தது. வெட்டிவேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது, அவ்வளவுதான். அங்கிருந்து என் தடுப்புக்கு வந்து, ஓடைக்குள் இறங்கி, நான் மூடி வைத்த மட்டைகளை எடுத்துப் போட்டேன். இறுகிக் கிடந்த இரண்டு சாக்கும் தெரிந்தது. பொறியாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சாக்கைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மூணு தடவ சொன்னேனே" என்றார். திட்டவில்லை. அது ஒன்றுதான் சொன்னார்.

கரை மேல் நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். ஆனால் இந்தத் தடவை நம்பிச் சிரித்தார்கள். "அடப் பாவி, அழகு பாத்து அடைச்சிருக்கான்" என்று மாமாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஜேசிபியைச் சொல்ல வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். முட்டாள்தனத்தை யாரும் மன்னிப்பார்கள். அது ஒரு கதை, டீக்கடையில் ஒரு வருஷம் ஓடும். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. இதோடு முடிந்தது என்று ஓடையிலிருந்து ஏறக் கையை நீட்டினேன். யாரோ தூக்கிவிட்டார்கள்.

அந்தம்மா எங்களோடு நிற்கவில்லை. எதிர்க்கரையில், உடைந்த இடத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். உடைப்பின் இரண்டு ஓரமும் தண்ணீர் அரித்துப் பிய்ந்து கிடந்தது. மேல்மட்டத்தில் மட்டும் ஒரு ஓரம், படி வெட்டிய மாதிரி நேராக நின்றது.

"அண்ணே" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை. "அடைச்சது சரி. இந்தக் கரை ஒடைஞ்சதா, ஒடைச்சதா?"

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. நான் பதில் சொல்லும் முன் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஒடைஞ்சது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தண்ணீர் சாட்சி சொல்லாது.

"ஒடைச்சேன்மா" என்றேன். "மம்பட்டியால. என் சம்பங்கிக்குள்ள வந்துரும்னு பயந்து ஒங்க பக்கம் வெட்டுனேன்."

"பட்டறை இருக்குறது தெரியும்ல?"

"தெரியும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே நடந்து போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு நல்ல வாய் உண்டு. ஒரு முறை அவர் தோட்டத்துக்குள் ஆடு விட்டவனைத் திட்டியது குளத்தங்கரை வரைக்கும் கேட்டது. எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. மாமா மட்டும் என் தோளில் கை வைக்க வந்து, பாதியில் கையை எடுத்து, வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "எட்டு வெட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "மொத வெட்டுல பயம்னு வச்சுக்குவோம். அஞ்சாவது வெட்டுலயுமா?" என்றாள்.

விதைக்காய்க்கு ஒட்டன்சத்திரம் பக்கம் அலைந்தேன். ஒரு பெரியவர் வீட்டில் நல்ல காய் இருந்தது. "ஏனுங்க, பூக்காரர்னு சொல்றீங்க, வெங்காயக் காய் எதுக்குங்க?" என்று கேட்டார். வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு நான் ஒரு கதை விடுவேன். அன்றைக்கு, "ஒருத்தவங்களோடத நான் அழிச்சுட்டேன்ங்க" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்காமல், நல்ல காயாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்து அந்தம்மா வாசலில் இறக்கினேன். வேண்டாம் என்பார் என்று பயந்தேன். அவர் ஒரு காயை எடுத்து அழுத்திப் பார்த்து, "வச்சிட்டுப் போங்க" என்றார். நடவுக்கு நாள் தள்ளிவிட்டது. கோபத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை.

கரையை நானும் பொறியாளரும் சேர்ந்து கட்டினோம். கார்த்திகையில் இன்னொரு மழை, முந்தியதற்குக் குறையாத மழை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்த் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அடியில் ஒழுகியது, சந்தில் ஒழுகியது, மேலேயும் வழிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். குளத்துக்குக் கீழே இருக்கிற தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. வாசற்படி வரைக்கும் வந்து, பந்திக்கு உட்காராமலே திரும்பிவிட்டதாக அந்தம்மாவின் அக்கா யாரிடமோ சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை.

தை மாதம் ஒரு காலையில் அந்தம்மா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் யோசித்து, கட்டை மேல் ஏறாமல், பாலம் சுற்றி நடந்து போனேன். வெங்காயம் பச்சையாக, நெருக்கமாக நின்றது.

"நல்லா வந்திருக்கும்மா" என்றேன்.

"வந்திருக்கு" என்றார். நிமிரவில்லை. "மண்ணு நல்லா இருந்தா எந்தக் காயும் வரும். ஆனா இது பட்டறையில நிக்குமான்னு எனக்குத் தெரியாதுண்ணே. என்னுதுன்னா கையில எடுத்தாலே தெரியும். இனிமே மொதல்லருந்து பொறுக்கணும்."

"எம்புட்டு வருசம் ஆகும்?"

அவர் களைக்கொத்தைத் தட்டி மண்ணை உதிர்த்தார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பக்கத்துப் பாத்தியில் குத்தவைத்து நானும் களை பிடுங்க ஆரம்பித்தேன். நான் வேகமாகப் பிடுங்கினேன், ரொம்ப வேகமாக.

"அண்ணே."

"ம்."

"ஒங்க கையில இருக்குறதுல பாதி கோரை, பாதி வெங்காயம். பாத்துப் புடுங்குங்க."

கையை விரித்துப் பார்த்தேன். பிடுங்கிய வெங்காயத்தை அந்தந்தக் குழியில் திரும்ப வைத்து, விரலால் மண்ணை அணைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். போகச் சொல்லவில்லை.